இருளைக் காணும் கருவிகள்: ஒரு தலைமுறைச் சரித்திரம்

பொத்துவிலிலிருந்து லகுகலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவின் இருமருங்கிலுமுள்ள வட்டைகளில், பெரும்போக நெல் குடலை தள்ளும் நாள் தொடங்கி அரிவு வெட்டு முடியும் நாள்வரை, காவற்பரணில் இருப்பவனுக்கு உறக்கம் என்பது இல்லை. காட்டு யானை இருளில் வரும், ஓசையின்றி வரும். அத்தனை பெரிய உடம்பு வரம்போரம் வந்து நிற்பது, நெல்லைப் பிடுங்கும் அரவம் கேட்ட பின்னரே பலருக்குத் தெரியவரும். எமது பாட்டன்மார் சூள் கொளுத்தினர். தந்தையர் அரிக்கன் லாம்பும், வசதியுள்ள போடியார்கள் பெற்றோமாக்சும் கொண்டு காத்தனர். பின்னர் பற்றரி ரோச் வந்தது. இன்று முல்லைக்காரனின் நெற்றியிலேயே விளக்கு எரிகிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. விளக்கு எட்டும் தூரம் மட்டுமே நாம் காண்போம்; விளக்கைப் பிடித்திருக்கும் நம்மையோ காடு முழுவதும் காணும்.

ஆதலினாலேயே நமது இளைஞர் சிலர், "இரவுநோக்கி என்று ஒன்று இருக்கிறதாமே, அதனை வட்டைக் காவலுக்கு வாங்கினால் என்ன? முதலாந் தலைமுறை, இரண்டாந் தலைமுறை, மூன்றாந் தலைமுறை என்கிறார்களே, எதனை வாங்குவது?" என்று வினவுகின்றனர். வினா நல்ல வினா. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இத்தீவில் ஆண்டொன்றுக்கு 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இந்தப் பிணக்கில் மாண்டனர். துவக்குச் சூட்டினாலும், சட்டவிரோத மின்சாரக் கம்பியினாலும், வாயில் வெடிக்கும் 'ஹக்க பட்டாஸ்' என்னும் கொடிய வெடியினாலும் யானை சாகிறது. இருளிலே எதிர்ப்பட்ட யானையின் காலடியில் மனிதன் சாகிறான். வேளையோடு கண்டிருந்தால் இரண்டு உயிரும் தப்பியிருக்கும் என்று சொல்லத்தக்க நிகழ்ச்சிகள் பல. கருவி விற்பவன் கூறும் விடையிலும் பார்க்க, அக்கருவி பிறந்து வளர்ந்த சரித்திரம் கூறும் விடை நம்பத்தக்கது என்பது எமது எண்ணம். ஆகவே அச்சரித்திரத்தைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

எல்லாக் கருவிகளுக்கும் மூத்தது கண். அதன் திறமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. விழித்திரையில் நிறங்காணும் கூம்புக் கலங்கள் ஏறத்தாழ 60 இலட்சமும், மங்கிய ஒளியைக் காணும் கோற் கலங்கள் ஏறத்தாழ 12 கோடியும் உள்ளன. 1942 ஆம் ஆண்டில் ஹெக்ற், ஷ்லயர், பிரென் என்னும் மூவர் அமெரிக்காவிலே செய்த பரிசோதனையில், ஐந்து முதல் பதினான்கு வரையான ஒளித்துணிக்கைகள் விழித்திரையில் உறிஞ்சப்பட்டாலே ஒளி தெரிகிறது எனக் கண்டனர். ஆனால் இத்திறமை உடனே வருவதில்லை. வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போனவனுக்குக் கண் முழுதும் பழக அரை மணி நேரத்துக்கு மேலாகும். ஒருமுறை ரோச்சைக் கண்ணுக்கு நேரே அடித்தால் அந்த அரை மணியும் வீண். மங்கிய விண்மீனை நேரே நோக்கினால் மறையும், சற்றுப் பக்கமாக நோக்கினால் தோன்றும். கோற் கலங்கள் விழித்திரையின் நடுவிடத்தில் இல்லாமையே காரணம். உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கையிலைச் சுண்டலை ஒதுக்கும் பிள்ளைகளுக்கு இதனையும் சொல்லிவைக்கலாம். குமணைக் காட்டுச் சிறுத்தைக்கும், களப்பு முதலைக்கும் விழித்திரையின் பின்னே ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதனால் அவை நம்மிலும் நன்கு காண்கின்றன. ரோச் வெளிச்சத்தில் அவற்றின் கண் கனல்போல ஒளிர்வதும் அதனாலேயே.

கண்ணுக்குப் புலனாகாத ஒளி உண்டு என்பதை முதலில் காட்டியவர் வில்லியம் ஹேர்ஷல். 1800 ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியைப் பட்டகத்தினாற் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், வெப்பம் ஏறியது. அதுவே செந்நிறக்கீழ்க் கதிர். நூறாண்டு கழித்து, கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போசு அவர்கள் கலீனா என்னும் ஈயக் கனியத்தைக் கொண்டு மின் அலைகளையும் ஒளியையும் உணரும் ஒரு கருவி செய்தார். அதற்கு 1904 இல் அமெரிக்க உரிமைப் பத்திரமும் கிடைத்தது. கலீனா என்பது ஈயச் சல்பைட்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜேர்மானியர் செந்நிறக்கீழ்க் கதிரை உணர்வதற்கு ஆண்ட பொருளும் அதுவே. உரிமைப் பத்திரத்தாற் பணம் பண்ண விரும்பாத அப்பெரியாரின் பெயர், இரவுநோக்கியின் சரித்திரம் எழுதும் மேல்நாட்டு நூல்களில் அருகியே வருகிறது. நாமாவது நினைவு கூர்வோம்.

ஒளியை உருவமாகவே மாற்றித் தரும் குழாய் 1934 இல் ஒல்லாந்திலே, பிலிப்ஸ் கம்பனியின் ஆய்வுக்கூடத்தில், ஹோல்ஸ்ற் என்பவரும் அவருடன் உழைத்தோரும் செய்தது. அதன் தத்துவம் எளிது. வெற்றிடக் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வெள்ளி, சீசியம் கலந்த பூச்சு. ஒளி பட்டால் அப்பூச்சிலிருந்து இலத்திரன்கள் பறக்கும். மறுமுனையில், இலத்திரன் பட்டால் ஒளிரும் பூச்சு. இடையே உயர்ந்த மின்னழுத்தம். காணாத ஒளி முன்னே விழ, காணும் உருவம் பின்னே தோன்றும். இன்றைய இரவுநோக்கிகள் யாவும் இக்குழாயின் வழித்தோன்றல்களே.

இக்குழாயை யுத்தத்துக்குக் கொண்டுசென்ற கருவிகளைப் 'பூச்சியத் தலைமுறை' என்று பிற்காலத்தார் வழங்கினர். ஜேர்மானியர் யுத்தத்தின் இறுதிக்காலத்திலே தமது தாங்கிகளிலும், 'வம்பயர்' என்று பெயரிட்ட துவக்கிலும் இதனைப் பூட்டினர். துவக்கின்மேற் கருவி 2¼ கிலோ. முதுகிலே சுமந்த மின்கலமோ 13½ கிலோ. அமெரிக்கர் 1945 இல் ஒக்கினாவாத் தீவிலே யப்பானியருக்கு எதிராக இவ்வகைத் துவக்கைப் பிரயோகித்தனர். 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்திலும் கொண்டுசென்றனர். இதனாற் கண்ட தூரம் நூறு யார் அளவே. கருவியுடன் ஒரு விளக்கும் இருக்கும். செந்நிறக்கீழ்க் கதிரை மட்டும் விடும் கண்ணாடியால் அது மூடப்பட்டிருக்கும். வெறுங் கண்ணுக்கு அது எரிவது தெரியாது. ஆனால் எதிரியிடமும் இதே நோக்கி இருந்தால், அவன் கண்ணுக்கு நாம் ஒரு வெளிச்சவீடு. சூள் கொளுத்திய பாட்டனாரின் குறை அப்படியே திரும்பி வந்துவிட்டது!

பூச்சியத் தலைமுறை மாண்டு போயிற்று என்று எண்ணற்க. கல்முனைக் கடைவீதியிலும் பொத்துவிற் சந்தியிலும் கடை முகப்புகளில் தொங்கும் காவற் கமராக்கள் இரவிற் காண்பது இதே முறையினாலேயே. கமராவின் கண்ணைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் செந்நிறக்கீழ்க் கதிரை வீச, கமரா அதனைக் காண்கிறது. ஐயமுள்ள இளைஞர், தொலைக்காட்சிப் பெட்டியின் கைவிசையை அழுத்தி அதன் நுனியைக் கைத்தொலைபேசிக் கமராவினூடே பார்க்கட்டும். பெரும்பாலான தொலைபேசிகளில் ஒரு வெண்ணொளி தோன்றும். மலிந்த விலைக்கு 'இரவுநோக்கி' என்று விற்கப்படும் மின்னணுக் கருவிகள் பலவும் இந்த வகையே. விளக்கு எட்டுமட்டுமே அவற்றின் பார்வையும் எட்டும். நமது இளைஞர் முதலில் அறியவேண்டியது இது.

விளக்கில்லாமற் காண்பது எப்படி? வானத்தில் உள்ள ஒளியையே பெருக்குவது. 1955 இல் சொமர் என்பவர் கண்ட பல காரவுலோகப் பூச்சு, முன்னைய பூச்சிலும் பார்க்கப் பன்மடங்கு கூடிய உணர்ச்சியுடையது. ஆயினும் ஒரு குழாயின் பெருக்கம் போதவில்லை. மூன்று குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க முயன்றபோது புதிய தொல்லை பிறந்தது. குழாயினுள் உருவம் வளைந்த தளத்திலேயே தெளிவாக விழும். வளைந்த உருவத்தை அடுத்த குழாய்க்குச் சிதையாமற் கொடுப்பது எங்ஙனம்? இங்கே உதவிக்கு வந்தது கண்ணாடி நார்க் கற்றை. பஞ்சாபிலே மோகாவிற் பிறந்து இலண்டனிற் கற்ற நரீந்தர் சிங் கபானி அவர்கள், தம் ஆசிரியர் ஹொப்கின்சுடன் சேர்ந்து, நார்க் கற்றையினூடே உருவத்தை அனுப்பலாம் என்பதை 1954 இல் வெளியிட்டார். இலட்சக்கணக்கான நார்களை உருக்கிச் சேர்த்த தகடு ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைவாகவும் அமைய, மூன்று குழாய்களும் ஒன்றாயின. இதுவே முதலாந் தலைமுறை.

அமெரிக்கர் வியட்நாமிலே 1960களின் நடுப்பகுதி முதல் ஆண்ட 'நட்சத்திர ஒளி நோக்கி' இத்தலைமுறையின் பெயர்பெற்ற கருவி. ஏறக்குறைய 2¾ கிலோ பாரம். விளக்கு வேண்டாம், எதிரிக்கு நம்மைக் காட்டிக்கொடுக்காது. அதுவே பெரும் புரட்சி. குறைகளோ பல. உருவத்தின் நடுப்பாகம் தெளிவு, ஓரங்கள் வளைந்து மங்கும். எங்கோ ஒரு விளக்கு எரிந்தால் உருவம் முழுவதும் வெண்ணொளியால் மூடுண்டுபோகும். அசையும் பொருளின் பின்னே வால்போல ஒளி இழுபடும். குழாயின் ஆயுள் 2,000 மணி அளவு. நிலவு வேண்டும், மாரிக்கால மேகமூட்டத்தில் இது அநேகமாகக் குருடு.

இரண்டாந் தலைமுறையைப் பிறப்பித்தது ஒரு சிறு தகடு. அரை மில்லிமீற்றர் தடிப்புத்தானும் இல்லாத கண்ணாடித் தகட்டில், ஒவ்வொன்றும் மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு அகலமுள்ள பல இலட்சம் துளைகள். துளைகள் சற்றே சாய்ந்திருக்கும். உள்ளே நுழைந்த ஓர் இலத்திரன் துளைச் சுவரில் மோதிப் பலவாகும். அவை மீண்டும் மோதி மேலும் பலவாகும். ஒன்று போய் ஆயிரமாக வெளிவரும். மூன்று குழாய் செய்த வேலையை இந்த நுண்துளைத் தகடு பொருத்திய ஒரே குழாய் செய்தது. 1970களில் கருவி சிறுத்தது, துவக்கை விட்டுத் தலைக்கவசத்துக்கு ஏறியது, வான்வலவரும் அணிந்தனர். ஒவ்வொரு துளையும் தனித்தனி நிற்பதனால், ஓரிடத்து விளக்கு உருவம் முழுவதையும் மூடுவதும் பெரிதும் குறைந்தது.

மூன்றாந் தலைமுறை, பூச்சின் மாற்றம். கலியம் ஆசனைட்டு என்னும் பளிங்கின்மேற் சீசியம் பூசினால் இலத்திரன் வெகு எளிதில் வெளிப்படும் என்பதை 1965 இல் ஒல்லாந்தின் ஷேர், வான் லார் ஆகிய இருவர் கண்டனர். அது கருவியாக 1980களாயிற்று. சரித்திரத்தில் எமக்கு மிக நயமாகத் தோன்றும் இடம் இது. அமாவாசை வானத்தின் ஒளியில், கண் காணும் நிறங்களிலும் பார்க்கச் சிவப்புக்கு அப்பாலுள்ள பகுதியே மிகுதி. புதிய பூச்சு உணர்வதும் அப்பகுதியையே. மேலும் பச்சிலைகள் அக்கதிரை மிகுதியாகத் தெறிக்கச் செய்வன. ஆதலால் இக்கருவியிற் காடு வெண்பனி படர்ந்ததுபோல ஒளிர, அதன் முன்னே விலங்கின் கரிய உரு துலங்கும். ஆயுளும் 10,000 மணி அளவாக உயர்ந்தது. 1991 ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தில் இரவுச் சமர் ஒரு பக்கத்தாருக்கே சொந்தமானது இவற்றாலேயே.

பெருக்கத்தைக் கொண்டு ஒப்பிடுவோர், முதலாந் தலைமுறைக்கு ஆயிரம் மடங்கு, இரண்டாவதற்கு 20,000, மூன்றாவதற்கு 30,000 முதல் 50,000 வரை என்பர். கருவிக்குக் கருவி இவ்வெண் மாறும். அன்றியும் பெருக்கம் மட்டும் பார்வையாகாது. கோயில் ஒலிபெருக்கியைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் கூடுமன்றோ? அதுபோல, இருளைப் பெருக்கினால் கருவி தன் உள்ளேயே பிறப்பிக்கும் மினுமினுப்பும் பெருகும். எத்தனை நுண்கோடுகளைப் பிரித்துக் காட்டுகிறது, உண்மை ஒளிக்கும் இரைச்சலுக்கும் என்ன விகிதம் என்னும் இரண்டையும் பெருக்கி வரும் எண்ணே இன்று நம்பிக்கையான அளவு. இதனைக் கொண்டு அளந்தால், ஐரோப்பாவில் திருத்திச் செய்த இரண்டாந் தலைமுறைக் கருவிகள் சில, பழைய மூன்றாந் தலைமுறையை வெல்கின்றன. 'நான்காந் தலைமுறை' என்னும் பெயரை அமெரிக்க இராணுவம் சிலகாலம் வழங்கிப் பின்பு தானே கைவிட்டது. ஆயினும் விற்பனையாளர் சிலர் இன்னும் கைவிட்டபாடில்லை.

இனி லகுகலைக் குளக்கட்டிலே நிற்பதாக எண்ணி ஒப்பிடுவோம். பூரணை இரவில் ஒளி ஒரு லக்சின் கால் பங்குக்குள். நட்பகல் வெயிலோ ஓர் இலட்சம் லக்ஸ். அந்தக் கால் லக்சிலேயே பழகிய கண் யானையைக் காணும். எந்தத் தலைமுறைக் கருவியும் நன்கு காட்டும். பணம் செலவிடத் தேவையில்லை. பிறை இரவில் ஒளி நூற்றிலொரு லக்சாகக் குறைய, கண் தடுமாறும், முதலாந் தலைமுறை ஈடுகொடுக்கும். அமாவாசையில் விண்மீன் ஒளி மட்டும், ஆயிரத்திலொரு லக்ஸ். முதலாவது தோற்க, இரண்டாவது தாக்குப்பிடிக்கும், மூன்றாவது தெளிவாகக் காட்டும். மார்கழி மேகம் மூடினால் அதிலும் பத்திலொரு பங்கு. மூன்றாவதும் மினுமினுக்கத் தொடங்கும். பற்றைக்குள் நிற்கும் யானையை இவற்றில் எதுவும் காட்டாது.

ஒளியையே நம்பாத வேறு குலம் ஒன்றுண்டு: வெப்பநோக்கி. சூடுள்ள ஒவ்வொரு பொருளும் தானே கதிர் வீசும்; உயிருள்ள உடம்பு வீசுவது பெரும்பாலும் 8 முதல் 14 மைக்கிரோன் அலைநீளத்தில். அக்கதிரையே காணும் கருவிக்கு அமாவாசையும் பூரணையும் ஒன்று. முன்னாளில் இதற்குத் திரவ நைதரசனால் பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை வரை குளிரூட்ட வேண்டியிருந்தது. ஆகவே இராணுவத்துக்கும் பெரும் ஆய்வுக்கூடத்துக்குமே உரியதாயிருந்தது. குளிரூட்டல் வேண்டாத நுண்வெப்ப உணரி அமெரிக்காவில் இரகசியமாக வளர்ந்து, 1992 இல் வெளியுலகுக்குத் திறக்கப்பட்ட பின்னரே விலை இறங்கிற்று. இதற்கும் குறை உண்டு. கண்ணாடி யன்னலூடே காணாது. பகல் வெயிலிற் சூடேறிய பாறையும் மணலும் முன்னிரவில் விலங்கின் சூட்டோடு கலந்து மயக்கும். பெருமழையில் மங்கும். ஆளைக் காட்டும், ஆள் யாரென்று காட்டாது. ஆனால் யானையை அறிய முகம் தெரிய வேண்டுமா? குளிர்ந்த நெல்வயலின் நடுவே அதன் உடம்பு வெண்மலைபோல் எழுந்து நிற்கும்.

இக்கருவிகளெல்லாம் மனிதன் மனிதனைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நம் நாட்டில் நடந்த யுத்தத்திலும் இரு தரப்பாரும் இரவுநோக்கி பிடித்தனர். அக்காலத்தில் இக்கரையிலே இரவுக் கடற்றொழிலுக்கு வந்த தடைகளையும், பொழுதுபட்டாற் கதவடைத்து இருந்த வாழ்வையும் மூத்தோர் அறிவர். இன்றும் அமெரிக்க மூன்றாந் தலைமுறைக் கருவி அந்நாட்டு அரசின் அனுமதியின்றி வெளியே வராது. விலையும் பல இலட்சம் ரூபா. வேட்டைக்காரன் கையில் இது சேருமானால் மானுக்கும் மரைக்கும் நேர்வதைச் சொல்ல வேண்டா.

நமக்கு அண்மையில், நம் மொழி வழங்கும் நாட்டில், இக்கருவியை உயிர்காக்க வைத்த இடம் ஒன்றுண்டு. கோயம்புத்தூருக்கு அருகே, மதுக்கரைக் காட்டுப் பகுதியில், எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே இரண்டு புகையிரதப் பாதைகள் யானை வழியை ஊடறுத்துச் செல்கின்றன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ஒரே இரவில் புகையிரதம் மோதி மாண்டன. அதன்பின் தமிழ்நாட்டு வனத்துறை 12 கோபுரங்களை நிறுவி, வெப்பநோக்கிக் கமராக்களையும் சாதாரணக் கமராக்களையும் பொருத்தி, யானை பாதையை நெருங்கியதும் கணினியே கண்டறிந்து கட்டுப்பாட்டறைக்கும் புகையிரத ஓட்டுநருக்கும் அறிவிக்கும் ஏற்பாட்டை 2024 பெப்ரவரியில் தொடக்கி வைத்தது. செலவு 7 கோடியே 24 இலட்சம் இந்திய ரூபா. ஒளியைப் பெருக்கும் மூன்று தலைமுறைகளில் ஒன்றையும் எடுக்காமல், வெப்பநோக்கியையே அவர்கள் எடுத்தனர் என்பதைக் கவனிக்க. நம் நாட்டில் ஹபரணைக்கு அருகே 2025 பெப்ரவரி 20 ஆம் நாள் விடியுமுன் விரைவுப் புகையிரதம் யானைக் கூட்டத்தில் மோதி, ஆறு யானைகள் மாண்டபோது, அப்பாதையில் அத்தகைய கண் எதுவும் இருக்கவில்லை.

ஆகவே, வினவிய இளைஞருக்கு எமது விடை இது. தலைமுறை எண்ணைப் பார்த்து விலை பேசவேண்டா. விளக்கோடு வரும் மலிந்த கருவி, நெற்றி விளக்கிலும் பெரிதாக உதவாது. மூன்றாந் தலைமுறை நம் கைக்கு எட்டாது. எட்டினும் மேகமூட்டத்தில் கைவிடும். வட்டைக்கு ஒன்றாகச் சிறிய வெப்பநோக்கி, கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து வாங்கத்தக்க விலைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதனைப் பரணில் வைத்துக்கொண்டு வயலைப் பார்ப்பதிலும், யானை காட்டைவிட்டு இறங்கும் வழியை நோக்கி உயரமான இடத்தில் வைத்து, கண்டவுடன் அயல் வட்டைக்கும் குரல் கொடுப்பது மேல். யானை வெடிக்கு வேலை வருமுன், தெருவில் சைக்கிளில் வருபவனை நிறுத்திவைக்க அவ்வளவு நேரம் போதும்.